ஓர்மை இழந்த தாய்க்காகக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்ட செய்திகளாகவே இருக்கின்றன. எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறக் கோட்டாட்சியரிடம் மனுவோடு நிற்கும் தந்தை, பேருந்து நிலையத்தில் இறக்கிவிடப்பட்ட தாய் என்று அவை வரத்தான் வேண்டும். ஆனால் கைவிடாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் சட்டத்தின் முன் ஓரிடத்தில் செய்வதறியாமல் நிற்க நேர்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பதால் இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

என் அம்மாவுக்கு வயது 83. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாண்டுகளுக்கு முன்பு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, எதற்காக வந்தோம் என்று தெரியாமல் விழித்ததில் தொடங்கியது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பக்கத்தில் இதை 'ஓர்மை இல்லை' (நினைவு இல்லை) என்ற இரண்டு சொற்களில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். மருத்துவர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்தார். இன்று என்னைச் சில நாள் மகளாகவும் பல நாள் தம் மூத்த சகோதரியாகவும் எண்ணிப் பேசுகிறார். அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார். அம்மாவோடு இருப்பது நானும், இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள நாங்கள் அமர்த்தியிருக்கும் ஹோம் நர்ஸும்தான். அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் 22,000 ரூபாய். மருந்து, டயப்பர், பிசியோதெரபி எல்லாம் வேறு.

இவ்வளவுக்கும் அம்மாவிடம் பணம் இல்லாமல் இல்லை. ஓய்வூதியம் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அப்பா இறந்தபின் வந்த தொகையை அம்மா தம் பெயரில் மட்டும் நிரந்தர வைப்பாகப் போட்டு வைத்திருக்கிறார். "எனக்கு முடியாமல் வரும் காலத்தில் யாரிடமும் கை நீட்டக் கூடாது" என்று சொல்லியே போட்ட பணம் அது. அந்தக் காலம் வந்துவிட்டது. பணத்தைத்தான் எடுக்க முடியவில்லை.

வைப்புத் தொகையில் ஒன்றை முறித்துச் செலவுக்கு எடுக்கலாம் என்று வங்கிக் கிளைக்குப் போனேன். கணக்குக்குரியவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் அம்மாவைக் கூட்டிப் போனேன். பேனாவைக் கையில் கொடுத்ததும் அம்மா நெடுநேரம் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஒரு பள்ளி மாணவியைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாக, அழகான மலையாள எழுத்தில், கல்யாணத்துக்கு முந்தைய வீட்டுப்பெயரோடு தம் பெயரை எழுதினார். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணையும்போது அம்மாவுக்கு 14 வயது. அதுவரை திருவிதாங்கூர் காலத்துப் பள்ளியில் அவர் கற்ற எழுத்து அது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் அரிச்சுவடி கற்பித்து, வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் தமிழில் கையெழுத்திட்ட விரல்கள், அதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கற்றதற்குத் திரும்பிவிட்டன. வங்கியில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடல்நலம் குன்றிக் கையெழுத்திட முடியாதவர்களிடம் சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் ஏற்பாடு வங்கிகளில் உண்டு. ஆனால் அது கை நடுங்குபவர்களுக்கானது. எதற்காக ரேகை வைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் அந்த அலுவலர் "டீச்சர், இது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே "வருகைப் பதிவுக்கு" என்றார். அதன்பிறகும் அவர் ரேகை வாங்கியிருந்தால் அவருடைய வேலை போயிருக்கும்.

இதில் எனக்கு இன்னும் விளங்காத ஒன்று உண்டு. கடந்த ஆண்டு அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். மயக்க மருந்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரிக்குக் கீழேயும் கையெழுத்திட்டேன். எந்தச் சட்டப்படி நீ கையெழுத்திடுகிறாய் என்று மருத்துவமனையில் ஒருவரும் கேட்கவில்லை; மகள் என்று சொன்னது போதுமானதாக இருந்தது. அந்த அறுவை சிகிச்சைக்கு அம்மாவின் சொந்தப் பணத்தைச் செலுத்தத்தான் மகள் என்பது போதவில்லை.

'பவர்' எழுதி வாங்கியிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். வாங்கியிருந்தோம். நோயின் தொடக்கத்தில், அம்மா தெளிவாக இருந்தபோதே, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் வற்புறுத்தலால் என் பெயருக்கு ஒரு பொது அதிகார ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து பீரோவில் வைத்திருந்தோம். அதைத்தான் பெரிய காப்பு என்று நம்பியிருந்தேன். வழக்கறிஞரிடம் காட்டியபோது அவர் படித்துப் பார்க்கக்கூட இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லாமல் போனாலோ, அந்த அதிகாரமும் அத்தோடு முடிந்துவிடும். அதாவது, எந்த நாளுக்காக அம்மா அந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தாரோ, அந்த நாள் வந்தவுடன் அது வெற்றுக் காகிதமாகிவிடுகிறது. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய ஆவணத்தை வைத்து விளையை (தோட்டத்தை) விற்றுக்கொண்டும் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டும் இருக்கின்றன. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் கேட்கிறார்களே தவிர, ஓர்மையோடு இருக்கிறாரா என்று கேட்பதில்லை. ஆகவே காரியம் நடந்துவிடுகிறது. பின்னாளில் வேறொரு வாரிசு வழக்குப் போட்டால் அந்த விற்பனை நிற்குமா என்பது வாங்கியவர் பாடு.

சரி, நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலராக நியமனம் பெறலாம் என்று பார்த்தால், அங்கே இருந்த கதவைச் சில ஆண்டுகளுக்கு முன் மூடிவிட்டிருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. உறவினர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தால், நீதிமன்றம் விசாரித்து, சொத்தை நிர்வகிக்க ஒரு மேலாளரை நியமிக்கலாம். அந்த மேலாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைக் கொடுத்து, பிறகு ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. நோயாளியின் உரிமைகளை மதிப்பதில் புதிய சட்டம் பழையதைவிடப் பல படி மேலானது. அதில் எனக்கு ஐயம் இல்லை. எனக்கு மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எனக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டே நியமிக்கலாம். அப்படி நியமிக்காவிட்டால் உறவினர், அவரும் இல்லையென்றால் பராமரிப்பாளர் என்று வரிசையும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. பழைய சட்டத்தின் சொத்து அத்தியாயத்தை நீக்கியவர்கள் அதற்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

மற்ற சட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் சிறார்களுக்கு மட்டுமானது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை மாற்றுத்திறன் ஆகியவற்றுக்கானது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, நாகர்கோவில் கோட்டாட்சியரோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரோ, பெற்றோருக்குப் பணம் கொடுக்கும்படி பிள்ளைக்கு உத்தரவிட முடியும். பெற்றோரின் பணத்தைப் பெற்றோருக்கே செலவு செய்யப் பிள்ளையை அனுமதிக்க அதில் வழி இல்லை.

எஞ்சியிருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 14ஆவது பிரிவின்படி, தக்க உதவிகள் கிடைத்தும் சட்டப்படியான முடிவுகளை எடுக்க இயலாதவருக்கு மாவட்ட நீதிமன்றமோ, மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை' நியமிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் டிமென்ஷியா என்ற பெயர் இல்லை. மனநோய் என்ற தலைப்பிலோ நாள்பட்ட நரம்பியல் நோய் என்ற தலைப்பிலோ சேர்த்து வாதாடத்தான் வேண்டும். மேலும், அந்தப் பாதுகாவலர் மாற்றுத்திறனாளியோடு பரஸ்பரப் புரிதலின் பேரில் கூட்டாக முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். என்னை யாரென்றே அறியாத அம்மாவோடு நான் எப்படிக் கூட்டாக முடிவெடுப்பேன்?

ஆகவே கடைசியில் எல்லா வழக்கறிஞர்களும் கை காட்டுவது உயர் நீதிமன்றத்தைத்தான். அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவில் ரிட் மனு. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவருக்கு நீதிமன்றமே தாய் தந்தை நிலையில் நிற்கும் என்ற பழைய கோட்பாட்டின்படி உயர் நீதிமன்றங்கள் இந்த வெற்றிடத்தை நிரப்பி வருகின்றன. நமக்குக் களியக்காவிளைக்கு அப்பால், கேரள உயர் நீதிமன்றம் 2019இல் கோமாவில் இருப்பவர்களுக்காக நெறிமுறைகளையே வகுத்தது: நரம்பியல் மருத்துவர் இடம்பெற்ற மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும், நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2024இல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை அவருடைய சிகிச்சைக்காக விற்க அனுமதி கேட்ட ஒரு பெண்ணைத் தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்ல, இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அவரையே பாதுகாவலராக நியமித்தது. அந்தத் தீர்ப்பை நான் நன்றியோடு படித்தேன். ஆனால் தோவாளையிலோ கிள்ளியூரிலோ இருக்கும் ஒரு குடும்பம், பெற்றவரின் ஓய்வூதியத்தை எடுத்து அவருக்கே கஞ்சி வைத்துக் கொடுக்க, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக் கிளைக்குப் போய் ரிட் போட வேண்டும் என்பது நியாயமா? நாகர்கோவிலில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று மூலைக்கொரு நீதிமன்றமும் இருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருப்பது எந்தத் தெருவிலும் காணக்கூடியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. கையெழுத்திடத் தெரிந்த, தம் பெயரில் கணக்கும் பத்திரமும் வைத்திருக்கிற பெண்கள் இங்கே அதிகம். அவர்களெல்லாம் இனி முதுமையை எட்டப் போகிறார்கள்.

மறுபக்கத்தையும் நான் அறிவேன். பிள்ளைக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் அதை வைத்துக் கொள்ளையடிக்க மாட்டார்களா என்ற அச்சம் நியாயமானது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இதே நோய் கண்ட தந்தையைக் காலை நேரமாகப் பார்த்து, குளிப்பாட்டி, வேட்டி சட்டை உடுத்தி, காரில் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்த நோயாளிகள் காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார்கள் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை. பெயர் கேட்டதற்குச் சரியாகச் சொன்னார். சம்மதமா என்றதற்கு, யார் எதைக் கேட்டாலும் மரியாதைக்குச் சொல்லும் வழக்கப்படி "ஆமா" என்றார். ரப்பர்த் தோட்டம் ஒரு மகன் பெயருக்குப் போயிற்று. புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் யாருக்கு எப்படித் தோன்றும்? சட்டப்படியான வழி இல்லாத இடத்தில்தான் இவை நடக்கின்றன என்பது என் எண்ணம். கணக்குக் காட்டத் தயாராக இருப்பவனுக்கு வழி இல்லை, அப்பாவின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் கையில் வைத்திருப்பவனை எவரும் கணக்குக் கேட்பதும் இல்லை. நான் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: அம்மாவின் அட்டை காலாவதி ஆகும்வரை, ஓய்வூதியத்தை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரூபாயும் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை என்னிடம் கேட்கத்தான் யாரும் இல்லை.

மாநில அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிமென்ஷியா நோயாளிகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவின் கீழ் வருவார்கள் என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவக் குழு சான்றளிக்கவும், வருவாய் அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கவும், மாவட்ட அளவிலேயே ஆணை பெறவும், ஆண்டுதோறும் அங்கேயே கணக்குக் காட்டவும் ஒரு நடைமுறையை வகுக்கலாம். அந்த ஆணையை வங்கிகளும் கருவூலமும் ஏற்கும்படி செய்ய வேண்டும். யாரை நியமிப்பது என்பதில் மூத்த மகன் என்ற ஒரே தகுதியைப் பார்க்காமல், யார் கூட இருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். என் அண்ணன் நல்லவர், இதை அவரே சொல்வார்.

அடுத்தது ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி, ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, தமக்குத் தெளிவு போனபின் யார் தம் காரியங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதிப் பதிவு செய்துவைக்கலாம். நம்மவர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் அப்படியே. ஒப்பந்தங்கள் பொதுப் பட்டியலில் உள்ளவை. மாநிலச் சட்டமன்றமே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். நாடாளுமன்றம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை, இந்நோய் தொடக்க நிலையில் இருக்கும் வீடுகளுக்கு நான் பட்டறிந்து சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அந்த வாரமே, பெற்றவரின் முழு விருப்பத்தோடு, வங்கிக் கணக்கையும் வைப்புகளையும் 'இருவரில் எவரேனும் ஒருவர்' எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். நாமினி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், நாமினிக்கு உரிமை வருவது இறப்புக்குப் பிறகுதான். உயில் எழுத நினைத்தால், அப்போதைய மனத் தெளிவுக்கு ஒரு மருத்துவரின் சான்றோடு எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கான பிரதிநிதியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். இவற்றை நோயைக் கண்டறிந்த அன்றே எங்களிடம் ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும் வேலை. மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டோடு இதையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால் பெரிய செலவு ஆகிவிடாது.

நாங்கள் இப்போது மதுரைக்கு மனுத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அண்ணனின் ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு வர வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் ஓய்வூதியத்துக்கான இந்த ஆண்டு நேர்காணல் முடிந்துவிட்டது. தபால்காரர் வீட்டுக்கே வந்து, அம்மாவின் விரலைக் கருவியில் வைத்து, உயிரோடு இருக்கிறார் என்று பதிவு செய்துகொண்டு போனார். ஓய்வூதியம் தவறாமல் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.